கற்பிக்க வந்தவர் கற்ற பாடம்



பிறநாட்டுக்குப் படிப்பிக்கப் போகிற ஒருவருக்கு அங்கே சிநேகிதர் வாய்ப்பார்களா? வாய்த்தால் அந்தச் சிநேகத்தை எதைக் கொண்டு அளப்பது? இந்தக் கேள்வியோடுதான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மிஷனரிமாரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆனால் முதலில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம்மூர் ஆசிரியர் பலர் நைஜீரியாவுக்கு ஒப்பந்தத்திற் போனார்கள். அவர்களில் நானும் ஒருவன். வடபகுதியில் கானோ நகருக்கு அப்பால் ஒரு பாடசாலையில் மூன்று வருஷம் கணிதம் படிப்பித்தேன். அங்கே வாயிற்காவலராக ஒரு முதியவர் இருந்தார். ஒவ்வொரு நாட் காலையும் என்னை மறித்து ஹவுசா மொழியிலே சுகம் விசாரிப்பார். வீடு எப்படி, வேலை எப்படி, களைப்பு எப்படி என்று வரிசையாகக் கேட்பது அவர்கள் பண்பு. நான் ‘சன்னு’ என்ற ஒற்றைச் சொல்லைப் பதிலாகப் போட்டுவிட்டு நடந்துவிடுவேன். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிடும். அவரை இந்தப் பேச்சின் முடிவில் மறுபடி சந்திப்போம்.

ஊர் திரும்பிப் பல வருஷங்களின் பின், மானிப்பாய் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பற்றிக் கவிஞர் அம்பி எழுதியதை வாசித்தேன். அதன் வழியே கிறீனின் கடிதங்களைத் தேடிப் போனேன். அவருடைய வாழ்க்கை வரலாறும் கடிதங்களும் 1891இல் அமெரிக்காவில் நூலாக வெளிவந்தவை. வாசிக்க வாசிக்க எனக்குள் ஒரு வெட்கம் தலைகாட்டியது. ஏன் என்பதை இனிச் சொல்கிறேன்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை ஆகிய இடங்களில் இடிந்து கிடந்த பழைய தேவாலயக் கட்டடங்களைத் திருத்திக் குடியேறினார்கள். அப்போது சுயஸ் கால்வாய் இல்லை. ஆபிரிக்காவைச் சுற்றிப் பாய்க்கப்பலில் வரவேண்டும். தாய் செத்த செய்தி மகனுக்கு எட்ட மாதக்கணக்கு ஆகும். அப்படி வந்தவர்களை நம்மவர் எப்படி வரவேற்றார்கள்? பிள்ளைகளைப் படிக்க விட்டார்கள். ஆனால் மிஷன் வளவிற் சமைத்த சோற்றைத் தொட விடவில்லை. வட்டுக்கோட்டையில் இதற்காக அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியிலே சமையற்கொட்டில் போட வேண்டியிருந்தது. பாடம் ஒரு வளவில், சோறு மறு வளவில்!

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஒரு மாணவனின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளி தான் விரும்பிய பெயரை அவனுக்கு இடலாம் என்றிருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் நாம் படிக்கும் பெயர்கள் அப்படி வந்தவைதாம். கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகத் தேறியவர். அவ்வளவு பெரிய அறிஞரின் பெயருக்கு முன்னால், அவர் முகமே காணாத ஒருவரின் விருப்பம் நிற்கிறது. கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே. இந்த மேடுபள்ளத்தில் நட்பு எங்கே முளைக்கும்?

முளைத்த இடங்கள் உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது உடுவில். அங்குள்ள பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இல் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கியது. அதற்கு 1840இல் எலைசா அக்னியூ என்ற ஆசிரியை வந்து சேர்ந்தார். நியூயோர்க்கில் 1807இற் பிறந்தவர். எட்டு வயதிலே ஒரு பூமிசாத்திர வகுப்பில், தொலைதேசத்தில் இறந்துபோன ஒரு மிஷனரிப் பெண்ணின் கதையைக் கேட்டுத் தானும் போவதென்று தீர்மானித்தாராம். பெற்றோர் இருக்கும்வரை அவர்களைப் பார்த்துவிட்டு, முப்பத்திரண்டு வயதிற்குமேல் இங்கே வந்தார். வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. மற்றவர்கள் ஓய்வுக்கென்று ஊர் போய் வந்தார்கள். அவர் 1883இல் மானிப்பாயில் கண்மூடும்வரை நாற்பத்துமூன்று வருஷம் இந்த மண்ணிலேயே இருந்தார்.

ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். முதல் மாணவிகளின் மகள்மார் வந்தார்கள். பிறகு பேத்திமாரும் வந்தார்கள். விடுமுறை வந்தால் பழைய மாணவிகளின் வீடுகளுக்குப் போவது அவர் வழக்கம். செம்மண் ஒழுங்கையில் ஒரு மாட்டு வண்டில் வந்து நிற்பதையும், படலை திறந்து ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஓடி வருவதையும் நான் மனக்கண்ணிற் காண்கிறேன். ‘ஆயிரம் பெண்மக்களின் தாய்’ என்று அவரைச் சொல்வார்கள். கலியாணம் செய்யாத அந்த அம்மாவுக்குப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கொடுத்தது இந்த ஊர். அவர் கொடுத்ததை மட்டும் எழுதிவிட்டு, அவர் வாங்கிக்கொண்டதை எழுதாமல் விட்டால் கணக்குச் சரிவராது.

இரண்டாவது இடம் யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன். அங்கே பீற்றர் பேர்சிவல் பாதிரியார் இருந்தார். அவரிடம் படித்து, பின்பு அங்கேயே ஆசிரியராகி, அவரோடு வேதாகமத்தைத் தமிழ்ப்படுத்தும் வேலையில் இருந்தவர் நல்லூர் ஆறுமுகம். நாம் கைகூப்பும் நாவலர். ஒருவர் கிறிஸ்து நெறியை இந்த நாட்டில் நிலைநாட்ட வந்தவர். மற்றவர் சைவத்தைக் காக்கத் தம் வாழ்நாளையே கொடுக்கப் போகிறவர். இருவரும் வருஷக்கணக்காக ஒரே மேசையிலிருந்து ஒரு வசனத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று பார்த்தார்கள். நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவித் தம் வழியே போனார். கொள்கையில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ் விஷயத்தில் மட்டும் மாணவர் குருவாகவும் குரு மாணவராகவும் இருந்தார்கள்.

அதே பேர்சிவல்தான் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். அது வளர்ந்து 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டதாயிற்று. நேயர்களே, பழமொழி என்பது அகராதியில் அகப்படுகிற பொருளா? கிணற்றடியிலும் சந்தையிலும் வழக்காடும் திண்ணையிலும் காதைக் கொடுத்தால்தான் அகப்படும். ஆறாயிரம் பழமொழி என்றால், ஆறாயிரம் தடவை ஒரு வெள்ளைக்காரர் வாயை மூடிக்கொண்டு நம்மவர் சொல்வதைக் கேட்டிருக்கிறார் என்றுதான் நான் கணக்கிடுகிறேன்.

மூன்றாவது இடம் மானிப்பாய். டொக்டர் கிறீன் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்தவர். இருபத்தைந்து வயதில், 1847இல் இங்கு வந்தார். மருந்து கொடுத்ததோடு நில்லாமல் மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்திற்றான். ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகம் தேடிப் பட்டினங்களுக்குப் போனார்கள். கிராமத்து நோயாளி கிராமத்திலேயே கிடந்தான். இதைக் கண்ட கிறீன், 1864இல் தமிழ் மூலம் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். மாணவர்களுக்கே இது முழுச் சம்மதமல்ல. ஆங்கிலம் இருந்தால் அரச சேவை கிடைக்கும்; தமிழில் படித்தால் என்ன கிடைக்கும்? தம் பிள்ளைகள்போல் வளர்த்தவர்களோடேயே அவர் இழுபறிப்பட வேண்டியிருந்தது. உடுப்பிலும் நடையிலும் அவர்கள் ஐரோப்பியராக மாறுவதையும் அவர் விரும்பவில்லை. தமிழர் தமிழராகவே இருக்கவேண்டும் என்றார். அதைச் சொன்னவர் ஓர் அமெரிக்கர். ஆங்கில உடுப்புக்கு ஆசைப்பட்டவர்கள் நம்மவர்!

தமிழிற் படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே. உடலின் ஒவ்வொரு நரம்புக்கும் எலும்புக்கும் பெயர் தேடினார்கள். தமிழில் வழங்கும் சொல் உண்டா என்று முதலிற் பார்ப்பது, இல்லையென்றால் வடமொழியைப் பார்ப்பது, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைத்து எடுப்பது. மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், அவர் திருத்துவார். அல்லது அவர் எழுதுவார், அவர்கள் திருத்துவார்கள். ‘இரணவைத்தியம்’ 1867இல் வந்தது. ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வந்தது. கேசாதிபாதம் பாடிய நம் புலவர்களின் ஓசை அந்தப் பெயரிற் கேட்கிறதல்லவா? இப்படி ஒரு சொல்லை ஒருவர் தனியே அறையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் ஒரு தமிழன் இருந்து, ‘ஐயா, அது பொருந்தாது, இதுதான் பொருந்தும்’ என்று துணிந்து சொல்ல வேண்டும். சொன்னதை ஆசிரியர் கேட்கவும் வேண்டும். நான் தேடிய நட்பு அந்த இடத்தில் இருக்கிறது.

அவரிடம் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் வைத்தியராகத் தேறினார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள். உடல்நலம் கெட்டு 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். அத்தோடு முடிந்ததென்று நினைக்கவேண்டாம். வூஸ்டர் நகரத்துக் குளிரிலும் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875இல் வந்தது. உடற்றொழிலைச் சொல்லும் ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வந்தது. மறுவருஷம் 1884இல் அவர் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்கும்படி கேட்டிருந்தார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் தமிழில் மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. அந்தக் குறைக்கு நாம் அமெரிக்காவிடம் காரணம் கேட்க முடியாது.

நேயர்களே, இம்மூவரும் மதம் மாற்ற வந்தவர்கள்தாம். அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காக மற்றதை மறக்கவும் வேண்டாம். படிப்பிக்க வந்த இடத்திலே படிக்கவும் இருந்தார்கள். எந்த இடத்தில் ஆசிரியர் மாணவராக இறங்கினாரோ அந்த இடத்திலேதான் சிநேகம் வந்து குந்தியிருக்கிறது. என் வெட்கத்தின் காரணமும் அதுவே.

கானோவை விட்டு வந்த நாளில், பெட்டிகளோடு வாசலுக்கு வந்தேன். அந்தக் காவலர் எழுந்து நின்றார். அன்று அவர் ஹவுசாவிற் பேசவில்லை. மெல்ல, எண்ணி எண்ணி, ஆங்கிலத்தில் மூன்று வசனம் சொன்னார். ‘ஆசிரியரே, நீங்கள் நல்லவர். உங்கள் தாய்க்கு என் வணக்கம் சொல்லுங்கள். மறுபடி வாருங்கள்.’ அந்த மூன்று வசனத்தையும் என் மாணவன் ஒருவனிடம் இரண்டு கிழமையாகப் பாடமாக்கினாராம். எனக்காக அந்த வயதில் ஒரு மொழிக்கு மாணவரானார். மூன்று வருஷம் அவருடைய வாசலிலே போய் வந்த நான், ‘உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா?’ என்று அவர் மொழியிலே ஒரு தரம் கேட்கப் பழகியிருக்கவில்லை.

இன்று நம் பிள்ளைகள் உலகத்தின் எல்லாத் திசைகளிலும் போய்ப் படிப்பிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பெட்டியிலே புத்தகங்களை வையுங்கள்; அவற்றோடு ஒரு வெற்றுக் கொப்பியையும் வையுங்கள். அந்த ஊரார் சொல்வதை எழுத அது உதவும். நான் அதைக் கொண்டுபோகாமல் போனவன்.