உலாந்தாக்காரர் பிறவியிலேயே அப்படியா?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



ஹாலந்து தேசத்தில் சில வருஷம் குடியிருந்து திரும்பியவன் என்கின்ற முறையில், அங்கே கண்டதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று இங்குள்ள தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் அதிகம் படித்தவனல்ல. அந்தத் தேசத்தின் சித்திரங்களையும் சாஸ்திரங்களையும் பற்றிப் பேச வேறு பண்டிதர்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவதெல்லாம், உட்ரெக்ட் என்னும் ஊரில் தெருவிலும் கடையிலும் வீட்டிலும் தினந்தோறும் என் கண்ணில் பட்ட சங்கதிகளேயாகும்.

அயல்நாடு போய் வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுவது வழக்கம். ஒருவர், அங்கே எல்லாம் சொர்க்கம் என்பார். மற்றொருவர், குளிர் தாங்கவில்லை, வாய்க்கு ருசியில்லை, மனிதனுக்கு மனிதன் ஒட்டுறவு இல்லை என்பார். ஆனால் இருவரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். அதாவது, "அது அவர்கள் பிறவிக் குணம், நமக்கு வராது" என்பார்கள். இந்தப் பிறவிக் குணம் என்கின்ற பேச்சு வாஸ்தவந்தானா என்பதுதான் இன்றைக்கு நாம் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

தண்ணீருக்குச் சொன்ன பதில்

அந்தத் தேசத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்திற்குக் கீழே இருக்கின்றது. அம்ஸ்டர்டாம் நகரத்திற்கு ஆகாயக் கப்பலில் போய் இறங்கினால், நீங்கள் கால் வைக்கும் இடம் ஒரு காலத்தில் பெரிய ஏரியின் அடித்தரை. 1849 முதல் 1852 வரை நீராவி யந்திரங்களை வைத்து அந்த ஏரியை இறைத்து வற்றவைத்தார்கள். "உலகத்தைக் கடவுள் படைத்தார், ஹாலந்தை ஹாலந்துக்காரன் படைத்தான்" என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. முதல் பாதி எப்படியோ போகட்டும். இரண்டாம் பாதி கண்ணால் கண்ட சங்கதி.

இந்தத் தண்ணீரைக் காப்பதற்கென்றே தனியாகச் சபைகள் இருக்கின்றன. இப்போது 21 சபைகள். அவைகளில் ஒன்றான ரைன்லாந்து சபை 1255-ம் வருஷத்திலேயே இருந்தது. இவைகளுக்குத் தனி வரி உண்டு, நாலு வருஷத்திற்கொருமுறை தனி எலெக்ஷனும் உண்டு. கரை உடைந்தால் பண்ணையார் வயலும் முழுகும், கூலிக்காரன் குடிசையும் முழுகும். ஆகையால் சண்டைக்காரர்கள்கூடக் கரைக் காரியத்தில் ஒன்றுகூடித் தீரவேண்டியிருந்தது. ஒற்றுமை அவர்கள் ரத்தத்தில் ஊறி வந்ததல்ல. அவசியம் கற்றுக்கொடுத்த பாடம்.

அப்படியிருந்தும் 1953-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி விடியற்காலையில் கடல் பொங்கி, கரைகளை உடைத்துக்கொண்டு வந்து 1,836 பேரைக் கொன்றுவிட்டது. பிரார்த்தனை செய்யாமலா இருந்தார்கள்? பாதிக்கப்பட்ட சீலாந்து, பக்தி மிகுந்த பிரதேசந்தான். வெள்ளம் பக்தனையும் விடவில்லை, பக்தி இல்லாதவனையும் விடவில்லை. பின்பு இஞ்சினீயர்களையும் கணக்கர்களையும் உட்கார வைத்து, கடல் வாயில்களுக்கு அணைகளும் கதவுகளும் கட்ட ஆரம்பித்தார்கள். ராட்டர்டாமுக்கு அருகே புயல் வந்தால் தானாகவே மூடிக்கொள்ளும் பெரிய இரட்டைக் கதவு 1997-ல் முடிந்தது. ஒரு பெருந்துயரத்திற்குப் பதில் சொல்ல நாற்பது வருஷத்திற்கு மேல் விடாமல் வேலை செய்தார்கள். இதைத்தான் நான் பதில் என்று சொல்லுவேன்.

சைக்கிள் வந்த கதை

உட்ரெக்டில் காலையில் வாசலில் வந்து நின்றால் சைக்கிளைத்தான் பார்க்கலாம். வக்கீலும் சைக்கிளில், கொத்தனாரும் சைக்கிளில், முன்னால் மரப்பெட்டி வைத்து அதில் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு தாயும் சைக்கிளில். மழையென்றும் காற்றென்றும் யாரும் பார்ப்பதில்லை. சுமார் 1 கோடியே 80 லட்சம் ஜனங்கள் உள்ள தேசத்தில் 2 கோடியே 30 லட்சம் சைக்கிள்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். உட்ரெக்ட் ரயில் நிலையத்திற்கு அடியில் மூன்று அடுக்கில் 12,500 சைக்கிள் நிறுத்தும் கொட்டடி 2019-ல் முடிந்தது. முதல் 24 மணி நேரத்திற்குக் காசு கிடையாது.

இதைப் பார்த்ததும், "பிறந்தபோதே சைக்கிளோடு பிறந்தவர்கள்" என்று சொல்லத் தோன்றும். சரித்திரமோ வேறு. சண்டை முடிந்த பின் கையில் பணம் சேர்ந்ததும் அவர்களும் மோட்டார் வாங்கினார்கள். தெருக்களை இடித்து அகலமாக்கினார்கள். 1971-ம் வருஷம் ஒன்றில் மட்டும் தெரு விபத்தில் செத்தவர்கள் 3,000-க்கு மேல். அதில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். "விதி" என்றோ, "நாகரிகம் வளர்ந்தால் நாலு பேர் சாகத்தான் செய்வார்கள்" என்றோ சொல்லிக்கொண்டு அங்கேயும் இருந்திருக்கலாம். ஆனால் 1972-ல் பெற்றோர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். அதன் பெயரே "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பதாகும். விபத்து என்ற வார்த்தையை விட்டுவிட்டுக் கொலை என்றார்கள். தாய்மார்கள் குழந்தைகளோடு தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓடக்கூடாதென்று சர்க்கார் உத்தரவு போட்டபோது, வெறுந்தெரு எவ்வளவு சுகமென்று ஜனங்களும் கண்ணால் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இன்றைய சைக்கிள் பாதையும், சைக்கிள்காரன் மீது மோதினால் பெரும்பாலும் மோட்டார்காரன் தலையிலேயே நஷ்ட ஈட்டைச் சுமத்தும் சட்டமும். சமீப வருஷங்களில் சாவு 700-ஐ ஒட்டியே இருக்கின்றது. அதுவும் ஜனத்தொகை பெருகிய பின்பு! அந்தத் தாய்மார்கள் விதியென்று வீட்டிலிருந்திருந்தால் இந்த மாறுதல் வந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உட்ரெக்டிலேயே இன்னொரு உதாரணம். ஊரைச் சுற்றிப் பல நூறு வருஷத்திய அகழி ஒன்று உண்டு. 1970-க்குப் பின் அதில் ஒரு பகுதியைத் தூர்த்து மோட்டார் ரஸ்தா போட்டார்கள். "போட்டது போட்டதுதான்" என்று விடவில்லை. 2002-ல் ஜனங்களிடம் ஓட்டு வாங்கி, ரஸ்தாவைப் பெயர்த்தெறிந்து, 2020-ல் மறுபடியும் தண்ணீரை விட்டார்கள். செய்த தப்பை மாற்றுவது அவமானமல்ல. தப்பென்று தெரிந்தும் வைத்துக்கொண்டிருப்பதுதான் அவமானம்.

மனிதனுக்கு மட்டுமல்ல, மீனுக்குங்கூட அங்கே ஒரு மணி இருக்கிறது. வசந்த காலத்தில் முட்டையிடப் போகும் மீன்கள் மதகுக் கதவடியில் வந்து தேங்கி நிற்கும். தண்ணீருக்குள் ஒரு காமிரா வைத்து, வீட்டிலிருந்து பார்ப்பவர் மீனைக் கண்டால் மணியை அழுத்தலாம் என்று 2021-ல் ஏற்பாடு செய்தார்கள். மீன்கள் நிறையச் சேர்ந்திருந்தால் மதகுக்காரர் கதவைத் திறப்பார்.

வீடும் விருந்தும்

இனி வீட்டுச் சங்கதி. தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் பல வீடுகளில் திரையே போடுவதில்லை. உள்ளே தகப்பன் சமைப்பதும் பிள்ளை படிப்பதும் தெருவில் போகிறவனுக்குத் தெரியும். ஆனால் யாரும் நின்று பார்ப்பதில்லை. மாடிப்படியோ ஏணியைப் போலச் செங்குத்தாயிருக்கும். சாமான்களை வெளியே உத்தரத்தில் கொக்கி மாட்டிக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றுகிறார்கள்.

பிறந்த நாள் விருந்துக்குப் போனால், பிறந்தவரை மட்டும் வாழ்த்தினால் போதாது. அவர் தாய், தகப்பன், அண்ணன், அண்டை வீட்டுக்காரர் எல்லோரிடமும் வட்டமாக வந்து கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். பிறகு வட்டமாக நாற்காலி, ஒரு கோப்பைக் காப்பி, ஒரு துண்டுப் பலகாரம். அடுத்த துண்டு எப்போது வருமென்று காத்திருந்து நான் பல நாள் பசியோடு திரும்பியிருக்கிறேன். யார் யாருக்கு எப்போது பிறந்த நாள் என்பதை எழுதிய காலண்டரை அவர்கள் தொங்கவிடும் இடம் எது தெரியுமா? கக்கூஸ்! நாம் சொல்லும் கக்கூஸ் என்ற சொல்லே அவர்கள் பாஷையிலிருந்து நமக்கு வந்ததுதான். துட்டு என்பதும் அவர்களுடைய செப்புக் காசின் பெயர். இலங்கைத் தமிழர் ஆபீசைக் கந்தோர் என்பதும் அவர்கள் சொல்லே.

நண்பனைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு மூன்று வாரத்திற்கு முன்பே டைரியில் நாள் குறிக்க வேண்டும். சொல்லாமல் சாப்பாட்டு வேளையில் போய் நின்றால் முகம் சுருங்கும். இது எனக்குப் பிடிக்கவில்லை. வயதானவர்கள் பலர் தனியாகவே வாழ்கிறார்கள். நல்லதை நல்லதென்று சொல்லுகிறவன் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மேல் வேலை, கீழ் வேலை

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சாதாரணமாக வீட்டில் வேலைக்காரர் என்று ஒருவர் கிடையாது. கக்கூஸைக் கழுவுவது வீட்டுக்காரரேதான். ஆபீசில் சின்னப் பையன் ஒருவன் மேலதிகாரியைப் பார்த்து, "நீங்கள் சொல்லுவது தப்பு" என்று நேரே சொல்லுவான். அரை மணி கழித்து இருவரும் சேர்ந்து காப்பி குடிப்பார்கள். 2010 முதல் 2024 வரை முதல் மந்திரியாயிருந்த மார்க் ருட்டே என்பவர் ஆபீசுக்குச் சைக்கிளில் போவார். 2018-ல் அவர் கைக்காப்பி தரையில் சிந்திவிட்டது. துடைப்பானை வாங்கி அவரே துடைத்தார். சுற்றி நின்ற துப்புரவுத் தொழிலாளர்கள் கை தட்டினார்கள். அவர்கள் கைதட்டினார்கள் என்பதிலிருந்தே, அங்கேயும் அது தினம் நடக்கும் காரியமல்ல என்று தெரிகிறது. என்றாலும், துடைத்ததால் அவர் பதவி கெட்டுவிடவில்லையே!

கோயிலுக்கு வந்த கதி

உட்ரெக்டில் 112 மீட்டர் உயரத்திற்கு ஒரு கோயில் கோபுரம் நிற்கிறது. ஆனால் கோபுரம் ஒருபுறமும் கோயில் ஒருபுறமுமாக இருக்க, நடுவே வெறும் மைதானம். 1674-ல் அடித்த புயலில் நடுக்கட்டடம் விழுந்துவிட்டது. காரணம் தெய்வ கோபமல்ல. பணமில்லாமல் போதிய முட்டுக் கொடுக்காமல் கட்டியதுதான். இன்றைக்கு அந்த இடத்தில் சைக்கிள் ஓடுகிறது. ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களுக்கு எந்த மதமுமில்லை என்றே சொல்லுகிறார்கள். மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் ஒரு பழைய கோயில் புத்தகக் கடையாயிருக்கிறது. அம்ஸ்டர்டாமில் ஒன்று 1968 முதல் சங்கீத மண்டபம். யாரும் இடிக்கவில்லை, வானமும் இடிந்து விழவில்லை.

ஆனால் அங்கேயும் ஊசி போடுவது ஆண்டவன் சித்தத்திற்கு விரோதம் என்று சொல்லும் கூட்டம் இருக்கின்றது. 1992-93-ல் அப்படிப்பட்டவர்களிடையே இளம்பிள்ளை வாதம் பரவி 71 பேருக்கு நோய் கண்டது, இருவர் செத்தார்கள். ஆகையால் வெள்ளைத் தோலுக்கு மூடநம்பிக்கை கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள்.

கறைகள்

டிசம்பர் 5-ந் தேதி குழந்தைகளுக்கு ஒரு பண்டிகை. ஒரு சாமியார் பரிசு கொண்டுவருவார். அவருக்கு வேலைக்காரர்களாக, முகத்தில் கருப்பு பூசி, உதட்டில் சிவப்பு தடவி வருவார்கள். "இது எங்களை அவமானப்படுத்துகிறது" என்று கருப்பு ஜனங்கள் சொன்னபோது, "இது முன்னோர் வழக்கம், குழந்தை விளையாட்டு" என்று பதில் வந்தது. எத்தனை பழைய வழக்கம் தெரியுமா? அந்த வேலைக்காரன் 1850-ல் ஒரு பள்ளி ஆசிரியர் வெளியிட்ட குழந்தைப் புத்தகத்தின் வழியாகப் பரவியவன்! பல வருஷம் கிளர்ச்சி நடந்து, இப்போது பெரிய நகரங்களில் பெரும்பாலும் கரிப்புகை படிந்த முகமாக மாற்றியிருக்கிறார்கள்.

குழந்தை வளர்ப்புக்குக் கொடுக்கும் உதவிப் பணத்தில் மோசடி செய்ததாக வரி இலாகா ஆயிரக்கணக்கான பெற்றோர்மீது அநியாயமாகக் குற்றம் சாட்டி, பணத்தைத் திருப்பிக் கேட்டுக் குடும்பங்களைக் கெடுத்தது. அவர்களில் அயல்நாட்டு வம்சத்தவர் அநேகர். விஷயம் வெளிப்பட்டு 2021 ஜனவரியில் மந்திரி சபையே ராஜினாமா செய்தது.

நமக்கும் அவர்களுக்கும் பழைய கணக்கொன்றும் உண்டு. 1602-ல் ஏற்பட்ட அவர்கள் வியாபாரக் கம்பெனி, 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. 1658-ல் நாகப்பட்டினத்தைப் பிடித்தது. பஞ்ச காலங்களில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைகளை விலைக்கு வாங்கி, அடிமைகளாகக் கப்பலேற்றி இலங்கைக்கும் படேவியாவுக்கும் அனுப்பினார்கள். அழகான அந்த வாய்க்கால் கரை வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்கள் ஞாபகம் வரும். அடிமை வியாபாரத்திற்காக 2022 டிசம்பரில் முதல் மந்திரியும், 2023 ஜூலை முதல் தேதி அரசரும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். மிகவும் காலம் கடந்ததுதான். என்றாலும் கேட்காமலிருப்பதைவிட மேல்.

முடிவு

தோழர்களே! மனிதரை விற்றவனும் அவனே. மன்னிப்புக் கேட்டவனும் அவனே. குழந்தைகளை மோட்டாருக்குப் பலி கொடுத்தவனும் அவனே. தெருவைக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுத்தவனும் அவனே. ரத்தமும் பிறவியும் காரணமானால் இந்த இரண்டும் எப்படி ஒருவனிடமே வந்தன? ஆகவே பிறவிக் குணம் என்பது சோம்பேறிகளும், பிறரை அடக்கி வைக்க நினைப்பவர்களும் கண்டுபிடித்த வார்த்தையே தவிர வேறில்லை. கேள்வி கேட்டவர்கள் இருந்த இடத்தில் மாறுதல் வந்தது. கேட்காத இடத்தில் அங்கேயும் அழுக்கு அப்படியே இருந்தது.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டிற்குப் போய் உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.