எந்தப் பக்கம் புரட்டுவது?

நடுவர் அவர்களே! சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

முன்னால் பேசிய நண்பர் ஒரே போடாகப் போட்டார். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, செல்போனில் பாடம் பார்த்தவன் மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பானா?’ என்றார். நீங்க கைதட்டினீங்க, நானும் தட்டினேன். மாட்டை விட்டுட்டு செல்போனைப் பிடின்னு நாங்க எங்கே சொன்னோம்? (சிரிப்பு) தொழுவத்தோடு திரையும் வேண்டும் என்பதுதானே எங்கள் கட்சி!

ஐயா, சென்னை வேப்பேரியில் 1903-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். அன்றிலிருந்து கையை விட்டுத்தான் பாடம். தோள் வரை உறை மாட்டி மாட்டுக்குள் கையை விட்டால், விரல் எதைத் தொடுகிறது என்று வெளியே நிற்கிற பேராசிரியருக்குத் தெரியாது. பல நேரம் மாணவனுக்கும் தெரியாது. மாட்டுக்குத்தான் தெரியும், அது சொல்லாது, உதைக்கும்! (பலத்த சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். எனக்கேன் இந்த அக்கறை? அப்பா போன பிறகு, ஒரு எருமையின் பால் காசில்தான் நான் பி.ஏ. படித்தேன். ஒரு கார்த்திகை மாத ராத்திரி, அது கன்று ஈன முடியாமல் துடிக்குது. கருப்பை முறுக்கிக்கொண்டது. ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி முறுக்கு விழுந்தால் கன்றுக்கு வழி அடைந்துவிடும். எருமைகளுக்கு இது புதிதல்ல. டாக்டர் வந்தார். இளைஞர், வேலைக்குச் சேர்ந்து ஆறே மாசம். உள்ளே மடிப்பு திரும்பியிருப்பதைத் தடவிப் பார்த்து, ‘வலப்பக்க முறுக்கு’ என்று சரியாகச் சொன்னார். படுக்கப் போட்டுப் புரட்டணும். எந்தப் பக்கம்?

நீங்க சொல்லுங்க. வலப்பக்கம் முறுக்கினால் இடப்பக்கம்தானே? அவரும் அப்படித்தான் நினைத்தார். தப்பு! முறுக்கிய பக்கமே புரட்டணும். விலாவில் பலகை வைத்து ஒருவர் ஏறி அழுத்தினால் கருப்பை அசையாமல் நிற்கும். உடம்பு சுற்றி வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். விடிவதற்குள் கன்றும் போச்சு, எருமையும் போச்சு.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவரே சொன்னார்: “தம்பி, நான் படிச்ச காலத்துல அப்படி ஒரு மாடு கல்லூரிக்கு வரவே இல்லை. புத்தகத்துல நாலு வரி. அந்த நேரத்துல பக்கம் குழம்பிப்போச்சு.”

முறுக்கு விழுந்த மாடு மாணவனுடைய டைம்டேபிள் பார்த்தா வரும்? (சிரிப்பு) நாமக்கல்லில் ஒரு நாள் வந்த மாட்டைப் படம் பிடித்து வைத்தால், திருநெல்வேலி மாணவன் விடுதியிலேயே இருபது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். கருப்பை நிற்க, உடம்பு சுழல, முறுக்கு அவிழ்வதைக் கண்ணால் பார்த்தவனுக்குப் பக்கம் குழம்புமா?

2020 ஊரடங்கில் வகுப்பெல்லாம் செல்போனில் நடந்ததே, மடிப்பு எப்படி இருக்கும்னு அது சொல்லிச்சா என்று கேட்பீர்கள். சொல்லாது. அதை விரல்தான் சொல்லணும். விரல் சொன்ன பிறகு கண்ணுக்கும் வேலை இருக்கிறதே, ஐயா!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிஷம். அந்த எருமை கட்டியிருந்த முளைக்குச்சியை எங்கம்மா கடைசிவரை பிடுங்கவே விடவில்லை. (கைதட்டல்)