பதக்கத்துக்கு அல்லாத ஓட்டம்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்தால் ஊரே களைகட்டும். இல்லங்கள் சோடிக்கப்படும், பாண்ட் வாத்தியம் முழங்கும். அதற்கு முந்திய ஒரு காலையில் ஊர் வீதிகளில் மரதன் ஓட்டமும் நடக்கும். முன்னுக்கு வந்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். நடுவழியில் மூச்சு வாங்கி நின்ற பிள்ளையோ, ஓட்டம் தனக்கு வராது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிடும். போட்டி முடிந்தபின் மைதானம் தெரிவான சிலருக்கே உரியதாகிறது. உயர்தர வகுப்பில் அந்தச் சிலரும் குறைந்துபோகிறார்கள். ஓட்டத்தை நாம் மதிக்காமல் இல்லை, போட்டியாக மட்டும் மதிக்கிறோம். படிக்கிற பிள்ளைக்கு உண்மையில் உதவக்கூடியது போட்டிக்கு அல்லாத, மெதுவான, குறுகிய ஓட்டமே என்பதுதான் என்னுடைய வாதம்.

விளையாட்டால் படிப்புக் கெடும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம். யாழ் மத்திய கல்லூரியின் மாணவர். 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக்கில் பங்குபற்றியவர். 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தவர். பின்னர் அமெரிக்காவில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பெருமைப்படவேண்டிய வரலாறுதான். ஆனால் அவர் அபூர்வமான ஆற்றல் படைத்தவர். அவரைக் காட்டி ஒரு சாதாரண மாணவரை ஓட வைக்க முடியாது. சாதாரண மனிதர்களிடமிருந்து கிடைத்த சான்றுகளைத்தான் பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2014இல் வெளியானது. ஓடாதவர்களைவிட ஓடியவர்களில் இதயநோயால் இறக்கும் அபாயம் 45 வீதம் குறைவாக இருந்தது. நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், அதுவும் மெதுவாக ஓடியவர்களுக்கும் தெளிவான நன்மை தெரிந்தது. ஏற்கெனவே உடல்நலம் உள்ளவர்கள்தானே ஓடுவார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. புகைத்தல் போன்ற காரணிகளைக் கணக்கிலெடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. மாணவருக்கு இதயநோய் தூரத்துக் கவலை, நாளைய பாடம்தான் கிட்டத்துக் கவலை. அதற்கும் சான்று இருக்கிறது. 2009இல் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை 20 நிமிடம் விரைவாக நடக்கவைத்துவிட்டுச் சோதித்தார்கள். சும்மா இருந்துவிட்டு எழுதிய நாளைவிட நடந்த நாளில் அவர்களின் கவனமும் வாசித்து விளங்கும் திறனும் மேம்பட்டிருந்தன. இருபது பிள்ளைகளை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு. அதை வைத்து ‘ஏ’ சித்தி கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஓடினால் மூளை களைத்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல அது போதும்.

“பிள்ளை பள்ளிக்கும் ரியூசனுக்கும் சைக்கிள்தானே மிதிக்கிறது, போதாதா?” என்று பெற்றோர் கேட்பார்கள். சைக்கிள் மிக நல்லது. மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கப்படும் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஆனால் 5 முதல் 17 வயது வரையானோர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்கவேண்டும், கிழமையில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் இயக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிளில் உடலின் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் எலும்பு அதைத் தாங்குகிறது, அதனால்தான் உறுதிப்படுகிறது. முழங்கால் தேய்ந்துவிடும் என்பதும் பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்குப் பொருந்தாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பார்த்தபோது, ஓடாதவர்களில் 10.2 வீதமானோருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. பொழுதுபோக்காக ஓடியவர்களில் 3.5 வீதமானோருக்குத்தான். போட்டிக்காகக் கடுமையாக ஓடியவர்களில் அது 13.3 வீதம். மெதுவான ஓட்டத்தை நான் வலியுறுத்துவதற்கு இந்தக் கடைசி எண்ணும் ஒரு காரணம்.

செய்யும் முறை எளிது. ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஓடி, இருபது நிமிடத்தில் முடிக்கலாம். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி. சொற்கள் அறுந்தால் குறைக்கவேண்டும். குடாநாடு மேடு பள்ளமில்லாத தரை, தொடங்குபவருக்கு அது பெரிய வசதி. வெய்யில்தான் வசதியில்லை, விடிகாலையோ மாலை ஐந்துக்குப் பின்னரோதான் ஓடலாம். கால் கடிக்காத சாதாரண சப்பாத்து போதும். கட்டாக்காலி நாய் துரத்த வந்தால் ஓடாமல் நின்று, மெதுவாக நடந்து விலகவேண்டும்.

பெண்பிள்ளைகளின் நிலைமை இவ்வளவு எளிதல்ல. ஒழுங்கையில் ஒரு மாணவி ஓடினால் மதிலுக்கு மேலால் பார்வைகள் வரும், அடுத்த நாள் கதையும் வரும். விடிகாலை இருட்டில் தனியே அனுப்பத் தாய்மார் அஞ்சுவதில் தவறில்லை. ஆனால் அந்த அச்சத்துக்கான விலையைப் பிள்ளையின் உடம்பு கொடுக்கக்கூடாது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவிகள் உதைபந்தாட்டத்தில் பெயரெடுத்ததும், அங்கு படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்ததும் இதே குடாநாட்டில்தான். பாதுகாப்பான மைதானமும் பொறுப்பான ஆசிரியரும் இருந்த இடத்தில் ஊர் வாயை மூடியது மட்டுமல்ல, மாலையும் போட்டது. பதக்கம் வெல்லாத மாணவிக்கும் அதே மைதானம் கிடைக்கவேண்டும்.

ஆகவே அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலை விட்டபின் வெய்யில் தணிந்ததும், கிழமையில் மூன்று நாள், மைதானத்தை அரை மணி நேரம் எல்லா மாணவருக்கும் திறந்துவிடுங்கள். நேரம் குறிக்கவேண்டாம், இடம் அறிவிக்கவேண்டாம், ஓர் ஆசிரியர் நின்றால் போதும். ரியூசன் நடத்துபவர்களே, அந்த மூன்று நாளும் மாலை வகுப்பை அரை மணி நேரம் பிந்தித் தொடங்குங்கள்.