பிள்ளையை விலை பேசாதீர்கள்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





பொன்விழா நேரத்தில் மணவிலக்கைப் பற்றிப் பேசலாமா என்று செயலாளரிடம் தயங்கித்தான் கேட்டேன். "ஐம்பது வருசமா நம்ம பிள்ளைங்க நிக்காஹ்வுக்கு வாழ்த்து மடல் படிச்சிருக்கோம். இதையும் ஒரு தடவ பேசினா என்ன?" என்றார். அந்தத் தைரியத்தில் வந்து நிற்கிறேன்.

நான் ஆலிம் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தா விட்டுப்போன மளிகை மொத்த வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் இல்வாழ்க்கை முறிந்தது. அப்போது என் மகளுக்கு ஆறு வயது. அவளுடைய தாயாரைப் பற்றி நான் இங்கே ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. பதில் சொல்ல அவர் இந்த மண்டபத்தில் இல்லை. என் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் தவறு, வழக்கறிஞரைத் தவிர எல்லாரிடமும் ஆலோசனை கேட்டது. மாமா ஒருவர், "முழு கஸ்டடி கேளுடா, விடாதே" என்றார். நண்பர் ஒருவர், "பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய் உறவுக்காரங்ககிட்ட விட்டுடு, அப்புறம் பேசு" என்றார். நான் ஊருக்குக் கொண்டுபோகவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மகளை அழைத்துக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். பதினொரு நாள் திருப்பி அனுப்பவில்லை. அவள் தாயாரின் தொலைபேசி அழைப்பையும் எடுக்கவில்லை.

என் மகளுக்கு ஆஸ்துமா உண்டு. ஏழாம் நாள் இரவு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் அவள் தாயார் வீட்டில் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் எந்த மருந்து, எத்தனை முறை என்று சொல்லியிருப்பார். வீம்பு விடவில்லை. டாக்ஸி பிடித்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே தாதி, "வழக்கமாக என்ன மருந்து கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் விடியும் முன் மகளுக்குச் சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் வழக்கறிஞரைப் பார்க்கப் போனேன். மலாய்ப் பெண்மணி. ஷரியா நீதிமன்றத்தில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். வழக்கறிஞர் என்றால் நம் பக்கம் நின்று சண்டை போடுபவர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "பிள்ளை இப்போது எங்கே?" சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சொன்னேன். "தாயாருக்குத் தெரியுமா?" "தெரியாது." சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்று மாலையே பிள்ளையைக் கொண்டுபோய் விடுங்கள். பிறகு வந்து என்னைப் பாருங்கள்" என்றார். அன்று மாலையே கொண்டுபோய் விட்டேன்.

இரண்டாம் சந்திப்பில், மாமா சொன்னபடி முழு கஸ்டடி வேண்டும் என்றேன். "உண்மையில் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். "வாரத்தில் இரண்டு நாளாவது அவளோடு இருக்க வேண்டும். ஏழு கேட்டால்தானே இரண்டாவது கிடைக்கும்" என்றேன். வியாபாரி புத்தி! அதற்கு அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. "உங்கள் மனுவை அவர் படிப்பார். நீங்கள் இறங்கி வருவீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளையைப் பறிக்க வருகிறார் என்றுதான் நினைப்பார். அவருடைய வழக்கறிஞர் உங்களைப் பற்றி எழுதுவார், நான் பதில் எழுதுவேன். இரண்டு பேரும் கட்டணம் கட்டுவீர்கள். உங்களுக்கு வேண்டியதையே கேளுங்கள்."

சகோதர சகோதரிகளே, இந்த இடத்தில் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். தேவைப்படாமல் இருக்கட்டும். தேவைப்பட்டால் நினைவில் இருக்கட்டும்.

சிங்கப்பூரில் இஸ்லாமிய முறைப்படி மணந்தவர்களின் மணவிலக்கை விசாரிப்பது 1958ல் தொடங்கப்பட்ட ஷரியா நீதிமன்றம். எடுத்தவுடன் வழக்கு என்று ஆரம்பித்துவிட முடியாது. எங்களை முதலில் திருமண ஆலோசனைத் திட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போன சிலர் மீண்டும் சேர்ந்து வாழ்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. வழக்கு பதிவான பிறகும், விசாரணைக்கு முன் சமரசப் பேச்சு உண்டு. இத்தா கால நஃபகா, முத்ஆ, வீடு, பிள்ளையின் பொறுப்பு எல்லாம் அங்கே பேசப்படும். பிள்ளையின் மாதச் செலவுக்கான உத்தரவுக்கு மட்டும் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

நம்மில் பலர் 'கஸ்டடி' என்றால் பிள்ளை யார் வீட்டில் தூங்குகிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மூன்று வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. படிப்பு, சமயம், பெரிய மருத்துவம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் பொறுப்பு கஸ்டடி. அதைத் தாயும் தந்தையும் சேர்ந்தே வைத்துக்கொள்ளலாம். பிள்ளையை அன்றாடம் வளர்ப்பது 'கேர் அண்ட் கன்ட்ரோல்'. மற்றவர் பிள்ளையோடு இருக்கும் நேரம் 'ஆக்செஸ்'. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் இரண்டு மாதம் கோபத்தில் கழித்தேன். இவற்றைத் தீர்மானிக்கும்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன்.

வழக்கறிஞரிடம் போகும்போது கோபத்தை விட்டுவிட்டுக் காகிதங்களைக் கொண்டுபோங்கள். நிக்காஹ் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வீட்டுக் கடன் கணக்கு, சிபிஎஃப் அறிக்கை, வங்கிக் கணக்கு, நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதிய ஒரு பக்கம். ஷரியா வழக்குகளில் பழக்கம் உண்டா, கட்டணம் எவ்வளவு, எதெல்லாம் அதில் அடங்கும் என்று முதல் நாளே கேளுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் வாதாட முடியாது. வசதி குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சட்ட உதவிப் பிரிவை அணுகலாம். வருமானத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

முக்கியமாக, உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பதினொரு நாளை மறைக்கலாம் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். "நீங்கள் என்னிடம் மறைத்ததை எதிர்த்தரப்பு சொல்லி நான் கேட்டால், என்னால் உங்களுக்கு உதவ முடியாது" என்றார் அவர். நாம் சொல்வதை அவர் வெளியே சொல்ல மாட்டார். அதே நேரம், நமக்காக நீதிமன்றத்தில் பொய்யும் சொல்ல மாட்டார்.

பிள்ளை வளர்ப்புத் திட்டம் எழுத அவர் என்னை உட்கார வைத்தது பரீட்சை மாதிரி இருந்தது. பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது? பள்ளிவாசல் மதரஸா வகுப்புக்கு யார் கொண்டுபோவது? பாஸ்போர்ட் யாரிடம்? நோன்புப் பெருநாள் காலை யார் வீட்டில்? கடைசியாக டாக்டரிடம் அழைத்துப் போனது யார்? அதற்கு முன்பு? பாதிக் கேள்விக்கு என் பதில், "அவள் அம்மா." எழுதி முடித்தபோது என் மகள் யாரிடம் வளர வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சமரசப் பேச்சில் உடன்பாட்டுக்கு வந்தோம். கஸ்டடி இருவருக்கும். வளர்ப்பது தாயார். வார இறுதியும் பள்ளி விடுமுறையில் பாதியும் என்னோடு. பெருநாள் காலை அங்கே, லுஹருக்குப் பிறகு இங்கே. அவள் தாயார் ஒன்று சேர்க்கச் சொன்னார்: இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு இன்ஹேலர். நான் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றேன்.

வெளியே வந்தபோது, முழு கஸ்டடி கேட்கச் சொன்ன அதே மாமா தேநீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். அதே பெஞ்சில் மகளின் நன்னா, அவள் தாயாரின் அத்தா. இருவர் கையிலும் பிளாஸ்க் மூடியும் ஒரு காகிதக் கோப்பையும். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பெரியோர்களே, கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்திலிருந்தும் ஆளுக்கொரு நடுவர் வரவேண்டும் என்பது சூரா அந்நிஸாவின் 35வது வசனம் காட்டும் வழி. நடுவர் என்றால் இரு பக்கமும் கேட்பவர். எங்கள் பிள்ளைகள் வீட்டில் விரிசல் விழும்போது சீக்கிரம் வாருங்கள், கேளுங்கள். சேர்த்து வைக்க முடியாமல் போனால் வழக்கறிஞர் அலுவலக வாசல்வரை துணைக்கு வாருங்கள். உள்ளே அவர்களே பேசட்டும். பேரப்பிள்ளையிடம், "அம்மா வேணுமா, அத்தா வேணுமா?" என்று மட்டும் விளையாட்டுக்கும் கேட்காதீர்கள்.

என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. இன்று சனிக்கிழமை, பின்வரிசையில் என் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறாள். இதைப் பேசலாமா என்று அவளிடமும் அவள் தாயாரிடமும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.