பேனாவும் பொருளும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் கணக்கெழுதும் நாம், இன்று நட்டக் கணக்கு ஒன்றைச் சொல்ல விழைகின்றோம்.

திருவிதாங்கூரில் 1905-ஆம் ஆண்டு, வக்கம் அப்துல் காதர் மௌலவி என்னும் பெருந்தகை, இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி தருவித்து, 'சுதேசாபிமானி' என்னும் மலையாளப் பத்திரிகையைத் தொடங்கினார். 1906-இல் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த இராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியரானார். பொருள் மௌலவியுடையது, பேனா பிள்ளையுடையது. எழுதுவதில் மௌலவி அவருக்கு முழு உரிமை அளித்திருந்தார். அதிகாரிகளின் ஊழலையும், திவான் இராஜகோபாலாச்சாரியின் ஆட்சிக் குறைகளையும் அப்பத்திரிகை அஞ்சாது வெளிப்படுத்தியது.

1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதலாயிற்று. பிள்ளை கைதாகி, நாடு கடத்தப்பட்டு, நமது திருநெல்வேலிக்குக் கொண்டுவரப்பட்டார். கார்ல் மார்க்ஸின் வரலாற்றை 1912-இலேயே மலையாளத்தில் எழுதிய அவர், 1916-இல் கண்ணூரில் காலமானார். மௌலவி 1932-இல் மறைந்தார். அச்சுப்பொறி அவர் குடும்பத்தாரிடம் திரும்பியதோ 1968-இல்!

விளம்பரம் தருவோர் தயவால் மலர் வெளியிடும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உண்மையை எழுதத் துணிவோர் கிடைப்பர். அதற்காகத் தம் பொருளை இழக்கத் துணிவோரே அரியர். அவ்விருவரும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் பத்திரிகை சுதந்திரமாக நிற்கும்.