பேரு சொல்லிப் பாடுறவன்

(இராமநாதபுரத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டீர்கள். மன்னிக்கணும், இன்றைக்கு அதில் மனசு நிற்கவில்லை. நாளை ராத்திரி போட் மெயிலில் சென்னைக்குப் போகிறேன். பாடகர் அறிவை முதன்முறையாக மேடையில், நேரில் கேட்கப் போகிறேன். வயசு முப்பத்தஞ்சு, பேங்க் கிளார்க், ரெண்டு பிள்ளைகள். ஆனாலும் திருவிழாவுக்குப் புதுச்சட்டை எடுத்த பயல் மாதிரி நாலு நாளாத் தூக்கமில்லை.

அறிவு அரக்கோணத்துக்காரர். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 2019இல் 'தெருக்குரல்'. 2021 மார்ச்சில், தீயோடு சேர்ந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'.

ஊரே அதற்கு ஆடியது. எங்கள் கிளையில் ஒருவருக்கு அதுதான் ரிங்டோன். அந்தப் பாட்டுக்குள் இருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்க்கை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சிரித்துவிட்டு நோட்டை எண்ணினேன்.

ஏன்? அது நம்ம கடற்கரைக் கதை. கங்காணி பின்னாடி நடந்து வந்து இந்தக் கரையில் கப்பலேறிய சனத்தில் பெரும்பகுதி நம்ம சனம். 1948இல் இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் பிரித்தார்கள். அந்தச் சனத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த டிசம்பரிலேயே புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு தலைமன்னார் கப்பல் இராமேஸ்வரத்துக்கு வந்தது. அதில் வந்து மண்டபம் முகாமில் தங்கியவள்தான் எங்க அப்பத்தா. கையில எங்கப்பா, பத்து வயசு. ஊர் திரும்பினா அதே சேரி, அதே ரெட்டைக் கிளாஸ். கூடுதலா 'கொழும்புக்காரி'ங்கிற பட்டம். இதைச் சொன்னால் சாதியையும் சொல்லணும். அதனால்தான் கிளையில் வாய் திறக்கவில்லை.

சினிமாவுக்குப் பாடுகிறவன், கம்பெனி மேடையில் ஏறுகிறவன் எப்படிக் கலகக்காரன் ஆவான் என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நமக்கு நடந்த கொள்ளை என்ன? சாவுக்குப் பறையடி என்றார்கள். அடிக்க மாட்டோம் என்று நம் பெரியவர்கள் மறுத்தார்கள். நாற்று நடும்போது நம் பெண்கள் கட்டிய பாட்டையெல்லாம் தொகுத்து 'நாட்டுப்புறப் பாடல்' என்று புத்தகம் போட்டார்கள். பாடினவள் பேர் அநேகமாக அதில் இருக்காது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையிலும் அதே கதை. பாட்டைக் கொண்டாடினார்கள், எழுதினவன் முகம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள். அப்புறம்தான் அறிவுக்குத் தனி அட்டை வந்தது.

2024இல் அறிவு தன் ஆல்பத்துக்கு வைத்த பேர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பேரைத் தலைப்பாகவே வைத்தார். எனக்கு அவரைப் பிடிப்பது இதனால்தான்.

போன வாரம் லீவு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் எப்போதும் 'சொந்த வேலை' என்றுதான் எழுதுவேன். இந்த முறை 'அறிவு கச்சேரி' என்று எழுதினேன். "யாரு சார் அது?" என்றார் மேனேஜர். கப்பல், முகாம், சேரி, அப்பத்தா எல்லாவற்றையும் சொன்னேன். ரிங்டோன்காரரும் பக்கத்தில்தான் நின்றார். பத்து வருச சர்வீஸில் அன்றைக்குத்தான் அந்த மேசையில் முழு ஆளாக உட்கார்ந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பத்தா களை எடுக்கும்போது ஏதோ முனகிக்கொண்டே இருப்பாள். கவிதை எழுதுகிற நான் அதில் ஒரு வரியைக்கூட எழுதி வைக்கவில்லை. அவள் போய்விட்டாள். கச்சேரிக்கு வருகிற பிள்ளைகளே, ரயிலேறும் முன் உங்க பாட்டியிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதுங்கள். கீழே அவள் பேரைப் போடுங்கள்.

எங்க அப்பத்தா பேரு இருளாயி. நாளன்னைக்கு அந்தக் கூட்டத்துல நான் கத்தப்போறது அந்தப் பேரைத்தான்.

ஜெய்பீம்.