தொடாமல் எழுதிய மருந்து
(புதுவையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பேங்க்ல கணக்கு எழுதுறவனுக்கு மருந்துச் சீட்டைப் பத்திப் பேச என்ன இருக்குன்னு கேக்கலாம். சீட்டோடு மருந்துக் கடையில் நிற்கும் சனத்தில் நானும் ஒருவன். அந்தத் தகுதி போதும்.

‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ நூலில் அம்பேத்கர் ஒரு கடிதத்தை எடுத்து வைக்கிறார். 1929-இல் ‘யங் இந்தியா’வில் வந்தது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியவில்லை. டாக்டர் சேரிக்குள் வரமாட்டார். வெளியே கொண்டுவரச் சொல்கிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். அதே வழியில் அது திரும்புகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்கிறார், மருந்து அனுப்புகிறார். பிறகு வந்து பார்க்கவே மறுக்கிறார். அந்தப் பெண் செத்துப்போகிறாள்.

அந்த மருந்தை முடிவு செய்தது படிப்பா, சாதியா?

இன்று தெர்மாமீட்டர் கை மாறுவதில்லை. ஆனால் கூலிக்காரியிடம் என்ன வேலை, என்ன சாப்பிட்ட, அஞ்சு நாள் மாத்திரை வாங்க முடியுமான்னு எத்தனை பேர் கேக்குறாங்க? கேள்வி குறைஞ்சா மாத்திரை கூடுது.

கல்லூரிப் பாடத்தில் மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கிறார்கள். வார்டில் சீனியர் எழுதும் கம்பெனிப் பெயரைக் கற்றுக்கொள்கிறார்கள். தொழிலுக்கு வந்ததும் வாசலில் கம்பெனி ஆள் நிற்கிறார். 1975-இல் ஹாத்தி குழு 117 அத்தியாவசிய மருந்துகளைப் பட்டியலிட்டது. கம்பெனிப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் பொதுப்பெயரில்தான் எழுதணும்னு விதி போட்டது. அதே மாதமே நிறுத்தியும் வைத்தது. யார் மடி கனத்தது?

பயிற்சி மாறினால் சீட்டும் மாறும். டெல்லி, காத்மாண்டு உட்பட 7 பல்கலைக்கழகங்களில் 219 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 1995-இல் ‘லான்செட்’டில் வந்தது. நோயாளியின் பிரச்சினை என்ன, இவருக்கு எது பொருந்தும், அதை எப்படி விளக்குவது என்று யோசிக்கக் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சரியாக எழுதினார்கள்.

1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் உள்ள ஊர் இது. இடஒதுக்கீட்டில் நம்ம பிள்ளைகளும் டாக்டராகிறார்கள். அது போராடிப் பெற்றது, விடமாட்டோம். ஆனால் அவர்கள் மேசைக்கும் அதே கம்பெனி ஆள் வருவான். சேரியில் பிறந்ததாலேயே சீட்டு சுத்தமாகிவிடாது. உள்ளே போனால் மட்டும் போதாது தோழர்களே, உள்ளே என்ன சொல்லித் தர்றாங்கன்னும் கேக்கணும்.

மருத்துவ மாணவர்களே, தொட்டுப் பாருங்கள். பொதுப்பெயரில் எழுதுங்கள். எதற்கு இந்த மருந்து என்று எங்க ஆத்தாவுக்குப் புரியுற தமிழ்ல சொல்லுங்கள். மத்தவங்க, சீட்டை வாங்கிக்கிட்டு சும்மா வராதீங்க. ஏன்னு கேளுங்க.